யீச்சாங் பஸ்ல என்னையே பாத்துக்கிட்டு வந்த பாட்டி

பஸ்ல எனக்கு எதிர் சீட்டுல ஒரு பாட்டி. மடியில பிளாஸ்டிக் கூடை, அதுக்குள்ள சேறு காயாத தாமரைக்கிழங்கு நாலஞ்சு. நான் ஏறுன ஸ்டாப்ல என்னைப் பாக்க ஆரம்பிச்சவங்க ஒன்பது ஸ்டாப் கண்ண எடுக்கவே இல்ல. நான் ஜன்னல் பக்கம் திரும்புனேன், போனை எடுத்து நோண்டுனேன், திரும்பிப் பாத்தா இன்னும் பாத்துக்கிட்டுதான் இருக்காங்க. மூக்குத்தியப் பாத்தாங்க, கையப் பாத்தாங்க, செருப்புக்குள்ள இருந்த கால் விரலப் பாத்தாங்க. கடைசியில முன்னாடி சாஞ்சு என் ஜடையக் கையில எடுத்து எடை பாக்குற மாதிரி தூக்கிப் பாத்துட்டு பக்கத்துல இருந்த அம்மாகிட்ட என்னமோ சொன்னாங்க, அந்தம்மாவும் திரும்பிப் பாத்தாங்க, அப்புறம் டிரைவர் தவிர எல்லாரும் பாத்தாங்க.

2015 செப்டம்பர், நான் சைனாவுக்குப் போய் அஞ்சாவது நாள். எம்பிபிஎஸ் படிக்கப் போனேன். ஹூபெய் மாகாணத்துல யீச்சாங்னு ஒரு ஊரு, யாங்சி ஆத்தங்கரையில இருக்கு, அங்கிருந்து மேல போனா அந்தப் பெரிய முப்பள்ளத்தாக்கு அணை. எங்க ஊரு திருவண்ணாமலை. பிளஸ் டூ முடிச்சு பெங்களூருகூட தனியா போனதில்ல. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல, இங்க எல்லாரும் என்னை மிருகக்காட்சி சாலையில இருக்கிற மாதிரி பாக்குறாங்கம்மா, நான் வந்துடுறேன்னு அழுதேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "உன்னை அடிச்சாங்களா, திட்டுனாங்களா"ன்னு கேட்டாங்க. இல்லன்னேன். "அப்ப ஒரு மாசம் பாரு"ன்னாங்க. ஒரு மாசம் நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு.

வெளிநாடு போற பசங்க, குறிப்பா பொண்ணுங்க, என்கிட்ட அடிக்கடி கேக்குறது சாப்பாடு, குளிர், பாஷை இதப் பத்திதான். இப்படி நாள் முழுக்க பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு யாரும் முன்னாடியே சொல்றதில்ல, எனக்கும் சொல்லல. அனுப்பி வெச்ச ஏஜென்ட் ஹாஸ்டல் ரூம் போட்டோ காட்டுனாரு, இந்தியன் மெஸ் இருக்குன்னாரு, அவ்வளவுதான். நான் பட்டதையும் கத்துக்கிட்டதையும் எழுதி வெச்சா யாருக்காவது அந்த முதல் மாசம் கொஞ்சம் லேசாகும்னுதான் எழுதுறேன்.

முதல்ல, ஏன் பாக்குறாங்கன்னு புரிஞ்சுக்கணும், அது புரியாம மத்தது எதுவும் உதவாது. சைனாவோட 2020 சென்சஸ்ல மெயின்லேண்ட்ல குடியிருக்கிற வெளிநாட்டுக்காரங்க மொத்தமே 8,45,697 பேருதான். நாட்டு ஜனத்தொகை 141 கோடி. அதாவது பத்தாயிரம் பேர் கூடுனா அதுல ஆறு பேரு. அந்த ஆறுலயும் நிறைய பேரு ஷாங்காய், குவாங்தோங் மாதிரி இடங்கள்ல இருக்காங்க, உள்ளூர்ப் பக்கம் வர வர ஆளே இல்ல. அந்தப் பாட்டி வாழ்க்கையில பாத்த முதல் இந்திய முகம் என்னோடதா இருக்க நிறைய வாய்ப்பிருக்கு. ஒரு தடவ லீவுல ஷாங்காய் போயிருந்தப்ப மெட்ரோவுல ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பாக்கல, அவ்வளவு வித்தியாசம், அதே நாடுதான்.

இன்னொன்னு, அங்க அடுத்தவங்கள உத்துப் பாக்குறது மரியாதைக் குறைவுங்கிற எண்ணம் பெருசா இல்ல. ரோட்டுல ரெண்டு பேர் சண்டை போட்டா, கிரேன் வந்து கார தூக்குனா, ஒரு கூட்டம் நின்னு பாக்கும். அதுக்கு அவங்க பாஷையில "கான் ரநாவ்"னு பேரு. எங்க சைனீஸ் டீச்சர் அந்த வார்த்தைக்கு இங்கிலீஷ்ல அர்த்தம் சொல்ல திணறுனாங்க, கூட்டத்தப் பாக்குறது, சத்தத்தப் பாக்குறதுன்னு என்னென்னமோ சொல்லிப் பாத்தாங்க. எனக்கு பட்டுன்னு புரிஞ்சுபோச்சு. வேடிக்கை பாக்குறது! அச்சு அசல் அதேதான். கிளாஸ்ல இருந்த மத்த நாட்டுப் பசங்களுக்கு விளங்கல, எனக்கும் பக்கத்துல இருந்த மதுரைக்காரிக்கும் ஒரே நேரத்துல சிரிப்பு வந்துச்சு.

அன்னைக்கு சாயங்காலம் ரூமுக்கு வந்து படுத்துட்டு யோசிச்சேன். சின்ன வயசுல ரமணாசிரமம் முன்னாடி நாங்க என்ன பண்ணோம்? வெள்ளைக்காரங்க வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு செருப்பில்லாம கிரிவலம் போவாங்க, நானும் எங்க தெரு பசங்களும் பின்னாடியே போவோம், "ஹலோ ஹலோ, ஒன் பென்"னு கத்திக்கிட்டே, ஒரு அக்காவோட பூனை முடி மாதிரி இருந்த கை ரோமத்த தொட்டுப் பாத்துட்டு ஓடியிருக்கேன். யீச்சாங்ல ஸ்கூல் விட்டு வர்ற பசங்க என்னைப் பாத்து "ஹலோ"ன்னு கத்திட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து ஓடுறப்ப எனக்கு அந்த அக்கா ஞாபகம்தான் வந்துச்சு. அவங்க ஒரு நாளும் எங்கள விரட்டல.

ஆனா எல்லாப் பார்வையும் ஒன்னில்ல, இதுதான் நான் முக்கியமா சொல்ல வர்றது. நம்ம பாஷையிலயே எத்தனை வார்த்தை வெச்சிருக்கோம் பாருங்க, உத்துப் பாக்குறது, வெறிச்சுப் பாக்குறது, முறைக்கிறது, வேடிக்கை பாக்குறது. ஒவ்வொன்னுக்கும் பதில் வேற. எது எதுன்னு பிரிக்கத் தெரியாத வரைக்கும் எல்லாமே ஊசியா குத்தும்.

பிரிக்கிறதுக்கு எனக்கு உதவுன வழி ரொம்ப சின்னது. பாக்குறவங்கள நானும் நேரா ஒரு நொடி பாத்து, தலைய லேசா ஆட்டி "நீ ஹாவ்" சொல்லுவேன். பத்துல எட்டு ஒன்பது பேருக்கு முகம் அப்படியே மலந்துடும், "ஐயோ பேசுது"ங்கிற மாதிரி. சில பேர் வெக்கப்பட்டு கண்ண தாழ்த்திக்குவாங்க. ரெண்டுமே வேடிக்கைதான், பயப்பட ஒன்னுமில்ல. நீங்க திரும்பிப் பாத்தும் முகத்துல எந்த மாத்தமும் இல்லாம, சிரிக்காம, கண்ணயும் எடுக்காம ஒருத்தர் பாத்துக்கிட்டே இருந்தா அங்கதான் கவனம் வேணும், அதப் பின்னாடி சொல்றேன்.

அப்புறம் பாஷை. கோர்ஸ்ல சொல்லித் தர்ற பாடம் "இது மேஜை, அது நாற்காலி"ன்னு போகும். நீங்க அத விட்டுட்டு, உங்கள வேடிக்கை பாக்குறவங்க என்ன கேப்பாங்களோ அதுக்கு பதில முதல்ல மனப்பாடம் பண்ணுங்க. நான் ஒரு நோட்டுல எழுதி வெச்சேன், ஏன்னா கேள்வி எல்லாமே கிட்டத்தட்ட ஒரே வரிசையிலதான் வரும்: எந்த நாடு, என்ன வயசு, இங்க என்ன பண்ற, சாப்பாடு ஒத்துக்குதா, காரம் சாப்பிடுவியா, கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு, கல்யாணம் ஆச்சா. "வோ ஷி யின்து ரென்", நான் இந்தியாக்காரி, அவ்வளவுதான், இந்த ஒரு வரியில பாதி பஸ் ஃப்ரெண்ட் ஆயிடும். சாப்பிட்டியான்னு விசாரிக்கிற பழக்கம் அங்கயும் இருக்கு, "ச்சி லா மா"ன்னு, அதக் கேக்குறப்ப எல்லாம் எனக்கு ஊரு ஞாபகம் வரும். காரம் சாப்பிடுவேன்னு சொன்னா ஹூபெய்க்காரங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பேச்சு வளக்க நம்ம பக்கத்துல இருந்து ரெண்டு மூணு விஷயம் கைவசம் வெச்சுக்கணும். வயசானவங்களுக்கு ராஜ் கபூரோட பழைய ஹிந்திப் படப் பாட்டு ஒன்னு தெரியும், 1950கள்லயே அந்தப் படம் அங்க ஓடியிருக்கு. ஒரு தாத்தா பார்க்ல என்னை நிறுத்தி முழு பல்லவியும் பாடுனாரு, எனக்கு ஹிந்தியும் தெரியாது அந்தப் பாட்டும் தெரியாது, கண்ணு கலங்கிப் பாடுனவருகிட்ட தெரியாதுன்னு சொல்ல மனசில்லாம கை தட்டுனேன், அப்புறம் யூ.பி.க்கார சீனியர்கிட்ட ட்யூன ஹம் பண்ணிக் காட்டித்தான் என்ன பாட்டுன்னே கண்டுபிடிச்சேன். 2017ல ஆமிர் கானோட மல்யுத்தப் படம் வந்தப்புறம் பஸ்ல, கடையில, எங்க போனாலும் "மீ ஷூ" "மீ ஷூ"ன்னு அவரப் பத்திதான் கேப்பாங்க, அங்க அவருக்கு அதான் செல்லப் பேரு. 2019 அக்டோபர்ல ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தாரு இல்லயா, அடுத்த வாரம் பழக்கடைக்காரர் போன்ல அந்தப் படத்த காட்டி இது எங்க இருக்குன்னு கேட்டாரு. எங்க ஊர்ல இருந்து பஸ்ல போயிட்டு அன்னைக்கே திரும்பி வந்துடலாம்னு சொன்னேன், அவரு கடைக்கு வந்த எல்லாரையும் கூப்பிட்டு சொன்னாரு. போதிதர்மரையும் "தாமோ"ன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும், அவரு காஞ்சிபுரம்னு எங்க ஊர்ல சொல்லுவாங்கன்னா நம்மள பாக்குற பார்வையே மாறும்.

நிறத்தப் பத்தி சொல்லாம விட்டா இது நேர்மையா இருக்காது. பாஷை புரிய ஆரம்பிச்ச ரெண்டாவது வருஷத்துல எனக்கு வலிச்சது பார்வை இல்ல, வார்த்தை. நமக்குப் புரியாதுன்னு நெனச்சு முன்னாடியே பேசுவாங்க. காய்கறி மார்க்கெட்ல ஒருத்தி இன்னொருத்திகிட்ட "ஹாவ் ஹெய்"ன்னா, எவ்வளவு கருப்புன்னு. அந்த நிமிஷம் கையில இருந்த கத்திரிக்கா பைய வெச்சுட்டு வந்துட்டேன். அதே மார்க்கெட்ல வேற நாள் வேற அம்மா என் கண்ணு எவ்வளவு பெருசு, இமை எவ்வளவு நீளம்னு வாய் வலிக்கப் பேசுனாங்க. பொறுமையா பாத்தப்பதான் தெரிஞ்சுது, அங்க பொண்ணுங்க வெயில்ல கருத்துடுவோம்னு குடை இல்லாம வெளிய வர்றதில்ல, கடையில பாதி அலமாரி "மெய் பாய்", வெளுப்பாக்குற க்ரீம். எங்க அத்தை எனக்கு கடலை மாவும் பால் ஏடும் பூசி விட்டதும், இவ கருப்பா பொறந்துட்டாளேன்னு பெருமூச்சு விட்டதும் வேற எந்த ஊர்ல? அதனால வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். மூணாவது வருஷத்துல இருந்து, யாராவது "ஹாவ் ஹெய்"ன்னா நின்னு அவங்க பாஷையிலயே "ஆமா ஆயீ, எங்க ஊர்ல எல்லாரும் இந்த நிறம்தான், எனக்குப் பிடிச்சிருக்கு"ன்னு சொல்லப் பழகிட்டேன். ஆயீன்னா அங்க அம்மா வயசுப் பொம்பளைங்கள கூப்பிடுற வார்த்தை, நம்ம அத்தை மாதிரி. சண்டைக்குப் போற குரல்ல இல்ல, விலை கேக்குற குரல்ல. நிறைய பேரு பதறிப்போயி மன்னிப்பு கேட்டுட்டு ரெண்டு தக்காளி சேத்துப் போடுவாங்க. இந்த ஒரு வரிய நீங்க போற நாட்டு பாஷையில கண்டிப்பா கத்துக்கிட்டுப் போங்க.

போட்டோ. கேட்டு எடுக்கிறவங்க உண்டு, கேக்காம எடுக்கிறவங்க உண்டு. குழந்தைய நம்ம மடியில வெச்சுட்டு பத்து பேர் மாத்தி மாத்தி எடுப்பாங்க, முதல் மாசம் எல்லாத்துக்கும் சரின்னு சொல்லி முகமே மரத்துப்போச்சு. அப்புறம் ஒரு கணக்கு வெச்சுக்கிட்டேன். பகல்ல, குடும்பமா வந்து கேட்டா ஒரு போட்டோ. ஆம்பளைங்க கும்பல்னா கிடையாது. தோள்ல கை போட வந்தா நகந்துடுவேன். போனை பாக்குற மாதிரி பாசாங்கு பண்ணி எடுக்கிறவங்களுக்கு நேரா உள்ளங்கைய விரிச்சு "பூ யாவ் பாய்", எடுக்காதீங்கன்னு சொன்னா டக்குனு இறக்கிடுவாங்க. முடியாதுன்னு சொல்றதுக்கு காரணம் சொல்லத் தேவையில்ல, இது எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆச்சு.

வெளிய போறப்ப ரெண்டு பேரா போங்க. எட்டு பேரா தமிழ்ல சத்தமா பேசிக்கிட்டு போனா பார்வை எட்டு மடங்காகும், அதுல எரிச்சலும் சேந்துக்கும், அது நியாயமான எரிச்சல். தனியாவே போனா சில நாள் தாங்காது.

இப்ப அந்தக் கெட்ட பார்வைக்கு வர்றேன். நாலு வருஷத்துக்கு மேல இருந்ததுல மூணோ நாலோ தடவதான். ஒரு நவம்பர் ராத்திரி, லைப்ரரியில இருந்து வர்றப்ப குடிச்சிருந்த ஒருத்தன் பஸ் ஸ்டாப்ல இருந்து என்னைப் பாத்துக்கிட்டே இருந்தான், நான் ஏறுன பஸ்ல ஏறுனான், நான் இறங்குன இடத்துல இறங்குனான். வயித்துக்குள்ள ஐஸ் வெச்ச மாதிரி இருந்துச்சு. ஹாஸ்டல் பக்கம் திரும்பாம வெளிச்சமா இருந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போயி கல்லாவுல இருந்த அக்காகிட்ட "ஒருத்தன் என் பின்னாடி வர்றான்"னு சொன்னேன். அந்த வாக்கியத்த நான் முன்னாடியே கத்து வெச்சிருந்தேன், அதுதான் காப்பாத்துச்சு. அக்கா என்னை உள்ள ஸ்டூல்ல உக்கார வெச்சுட்டு செக்யூரிட்டிய கூப்பிட்டாங்க, அவன் கண்ணாடிக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டான். ரூமுக்கு வழி காட்டிடக்கூடாது, ஆள் இருக்கிற கடைக்குள்ள போயிடணும், போலீஸுக்கு 110. ஒரிஜினல் பாஸ்போர்ட் எப்பவும் கையில இருக்கணும், 16 வயசுக்கு மேல வெளிநாட்டுக்காரங்களுக்கு அது அங்க சட்டமே. ஹோட்டல் இல்லாம வேற வீட்டுல தங்குனா 24 மணி நேரத்துக்குள்ள லோக்கல் போலீஸ்ல பதிவு பண்ணணும், அத விட்டுட்டு பிரச்சனைன்னு போனா நம்ம பக்கம்தான் முதல்ல கேள்வி வரும்.

வேடிக்கை பாக்குறது எப்ப நிக்கும்னா, ஒரே இடத்துக்கு ஒரே நேரத்துக்கு திரும்பத் திரும்பப் போனாதான். இத நான் தற்செயலா கண்டுபிடிச்சேன். ஆத்தங்கரை பார்க்ல சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்பீக்கர் வெச்சு அம்மாங்க வரிசையா நின்னு ஆடுவாங்க, சைனா முழுக்க உண்டு, குவாங்ச்சாங் வூன்னு பேரு. ரெண்டாவது வருஷம் அதுல போயி கடைசி வரிசையில நின்னேன். முதல் நாள் ஆட்டமே நின்னுபோச்சு, எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. ரெண்டாவது நாள் பாதி பேரு. ஒரு வாரத்துல யாரும் பாக்கல. பத்தாவது நாளோ என்னமோ, முன் வரிசையில சிவப்பு காலுறை போட்ட ஒரு ஆயீ, அறுபது வயசிருக்கும், என்கிட்ட வந்து என் முகத்தப் பாக்காம காலையே பாத்து "இடது கால்! இடது கால் முதல்ல!"ன்னு முட்டியில ஒரு தட்டு தட்டிட்டுப் போனாங்க. அந்தத் தட்டுல எனக்கு எவ்வளவு நிம்மதின்னு எழுதத் தெரியல. ஒரு வருஷமா முகத்தையும் முடியையும் நிறத்தையும் பாத்துக்கிட்டிருந்த ஊருல ஒருத்தங்க நான் தப்பா ஆடுறத பாத்திருக்காங்க. அதுக்கப்புறம் அந்த ஆயீ எனக்கு வெல்லப்பாகு ஊத்துன லியாங் ஷியா வாங்கிக் குடுத்தாங்க, அரிசி மாவுல குட்டி குட்டியா இறால் மாதிரி செஞ்சு குளிரக் குளிரக் குடுப்பாங்க, யீச்சாங் போனா விட்டுடாதீங்க. பாஷை எனக்கு காலேஜ்ல வந்தத விட அவங்ககிட்டதான் வந்துச்சு.

2020 ஜனவரி 12ம் தேதி செமஸ்டர் லீவுக்கு வூஹான் ஏர்போர்ட் வழியா ஊருக்கு வந்தேன். 23ம் தேதி வூஹானை மூடுனாங்க. 30ம் தேதி திருச்சூர்ல இந்தியாவோட முதல் கேஸ், வூஹான்ல இருந்து வந்த என்னை மாதிரி ஒரு மெடிக்கல் ஸ்டூடன்ட். சுகாதாரத்துறையில இருந்து வீட்டுக்கு வந்தாங்க, வெளிய போகக்கூடாதுன்னாங்க, தினமும் போன்ல காய்ச்சல் இருக்கான்னு கேட்டாங்க. நான் பொறந்து வளந்த தெரு. பால்காரர் கேட்ல இருந்து பத்தடி தள்ளி பால வெச்சுட்டுப் போனாரு. எதிர் வீட்டு மாமி, எனக்கு கோலம் போடக் கத்துக் குடுத்தவங்க, ஜன்னலை பாதி மூடிட்டு அந்த இடுக்குல என்னைப் பாத்தாங்க. யீச்சாங் பஸ் பார்வை எல்லாம் இதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல. இது வேடிக்கை இல்ல, முறைப்பும் இல்ல, பயம்.

பயத்துக்கு "நான் இருந்த ஊரு வூஹான்ல இருந்து முந்நூறு கிலோமீட்டர்"ங்கிற பதில் உதவாது, நான் சொல்லிப் பாத்து கத்தித் தீத்துட்டேன். அப்பாதான் சொன்னாரு, நீ டாக்டருக்குப் படிக்கிற, அவங்க பயப்படுறது தப்பில்லன்னு முதல்ல நீ ஒத்துக்கன்னு. மறுநாள் மொட்டை மாடியில நின்னு மாமிய கூப்பிட்டேன். எப்ப வந்தேன், எந்த ஏர்போர்ட், எத்தனாவது நாள், இன்னைக்கு டெம்பரேச்சர் எவ்வளவு, எல்லாம் சொன்னேன். தினமும் சாயங்காலம் சொன்னேன். நாலாவது நாள் மாமி ஜன்னலை முழுசா திறந்து வெச்சு கேட்டாங்க. பாக்குறவங்களுக்கு பயம்னா கிட்டப் போகாம, தூரத்துல நின்னு, மறைக்காம விவரம் சொல்றதுதான் வழி, வெளிநாடானாலும் நம்ம தெருவானாலும்.

அந்த நாள்லதான் ஆயீ வீச்சாட்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க, நீ பத்திரமா, சாப்பிட்டியான்னு. அவங்க ஊரே பூட்டிக் கிடக்கு, மாடி வீட்டுல தனியா இருக்காங்க, என்னைக் கேக்குறாங்க. நான் முருங்கைக்கீரை படம் அனுப்புவேன், அவங்க தாமரைக்கிழங்கு சூப் படம் அனுப்புவாங்க. மீதி படிப்ப நான் ஆன்லைன்லயே முடிக்க வேண்டியதாயிடுச்சு, திரும்பிப் போகல. ஜூன் 29ம் தேதி 59 ஆப்புக்கு இங்க தடை வந்துச்சு, அதுல வீச்சாட்டும் ஒன்னு, கொஞ்ச நாள்ல லாகின் ஆகல. அவங்க வேற நம்பர் எதுவும் என்கிட்ட இல்ல.

கடைசியா அவங்க அனுப்புனது ஒரு சின்ன வீடியோ. ஆத்தங்கரையில ஆட்டம் திரும்ப ஆரம்பிச்சிருந்தாங்க, எல்லாரும் மாஸ்க் போட்டு, தள்ளித் தள்ளி நின்னு. கடைசி வரிசையில நான் நிக்கிற இடத்துல யாரோ ஒரு புதுப் பொண்ணு, ஸ்டெப் வராம திணறுறா, ஆயீ போனை ஆட்டிக்கிட்டே அவளப் பாத்து "இடது கால், இடது கால்"னு கத்துறது கேக்குது.